பிச்சாவரம் போறீங்களா? துடுப்புப் படகைக் கேளுங்க

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு (மாங்குரோவ் காடு) முதல்முறை போறவங்க பலபேர் அவசரத்துல மோட்டார் படகுல ஏறிடுறாங்க. அது அகலமான வாய்க்கால்லயே சுத்திட்டுத் திரும்பிடும். சுரபுன்னை மரத்து வேர்கள் வளைஞ்சு இறங்குற குறுகலான வாய்க்காலுக்குள்ள நுழையணும்னா துடுப்புப் படகுதான் சரி. சத்தம் இல்லாததால கொக்கும் மீன்கொத்தியும் கிட்டவே உக்காந்திருக்கும்.

வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. தொப்பி, தண்ணி அவசியம்.

கிளைகளை மட்டும் ஒடிக்காதீங்க, பிள்ளைங்களையும் பாத்துக்கோங்க: தில்லை மரத்துப் பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. (சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான்.) படகோட்டுற அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுங்க, இங்கே இருளர் மக்கள் வெறுங்கையாலயே இறால் பிடிக்கிற விதத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். சிதம்பரத்துலேர்ந்து சுமார் 15 கிலோமீட்டர்தான்.