பிரசவம் முடிந்த முதல் ஒரு மணி நேரம்: ரத்தப்போக்கை அளப்பதும் நிறுத்துவதும்

பிரசவ அறையில் ரத்தத்தைக் கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். கொஞ்சம் துணியில் ஊறியிருக்கும், கொஞ்சம் முதுகுக்கடியில் தேங்கியிருக்கும், மீதி பனிக்குட நீரோடு கலந்திருக்கும். "வழக்கமா போறதுதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அரை லிட்டர் தாண்டிவிடும். சிறிய சுகாதார நிலையங்களில் இந்தத் தாமதமே தாயின் உயிரைப் பறித்துவிடலாம்.

தேவையானதை ஒரே பெட்டியில் வையுங்கள்: 16 அல்லது 18 கேஜ் ஊசிக்குழாய், டிரிப்ஸ் செட், சலைன், டிரானெக்சாமிக் அமிலம் (உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து) 2 கிராம், மிசோப்ரோஸ்டால் (கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து) 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, சிறுநீர்க்குழாய், நீளக் கையுறை, டார்ச். பூட்டிய அலமாரி வேண்டாம்; சாவி தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். கர்ப்பப்பையை இறுக்கும் ஊசி மருந்தான ஆக்சிடோசின் மட்டும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். டிரானெக்சாமிக் அமிலத்தை முதுகுத்தண்டில் போடும் மரப்பு மருந்தோடு சேர்த்து வைக்கவே கூடாது. இரண்டின் குப்பியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாற்றி முதுகில் ஏற்றினால் உயிரே போகும்.

குழந்தை பிறந்ததும் வயிற்றைத் தொட்டு, இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் போடுங்கள். குளிர்சாதன வசதியை நம்ப முடியாத இடத்தில் அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் உதவும். ஆனால் அது தடுப்புக்கு மட்டுமே. தொப்புள் கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டலாம். கர்ப்பப்பை இறுகாமல் கொடியை இழுக்காதீர்கள். கர்ப்பப்பையின் உள்பக்கம் வெளியே புரண்டு வந்துவிடும். வெளிவந்த நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் குறைகிறதா என்று பாருங்கள்.

இனி அளவு. கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைக் குழந்தை பிறந்தவுடன் இடுப்புக்கடியில் செருகுங்கள். முன்பே செருகினால் பனிக்குட நீரும் கணக்கில் சேர்ந்துவிடும். விரிப்பு இல்லையென்றால் நனைந்த துணியை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அளவு, நாடி, ரத்த அழுத்தம், கர்ப்பப்பையின் இறுக்கம் நான்கையும் எழுதுங்கள். இறுகிய கர்ப்பப்பை தொப்புளுக்குக் கீழே கெட்டியான பந்துபோல் கைக்குத் தட்டுப்படும். தளர்ந்தது பிசைந்த மாவுபோல் அமுங்கும். சில சமயம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

500 மில்லி ரத்தம் போயிருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள். 300 மில்லியிலேயே நாடி 100-க்கு மேல் ஓடினாலோ, மேல் அழுத்தம் 100-க்குக் கீழே போனாலோ காத்திருக்க வேண்டாம். ஒன்றைச் செய்து, பலன் பார்த்து, அடுத்ததற்குப் போகும் பழைய முறைதான் ஆளைக் கொல்கிறது. ஒருவர் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைத் தேய்க்கட்டும். இன்னொருவர் டிரிப்ஸ் போட்டு, அதில் ஆக்சிடோசினும், தனியாக டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை 10 நிமிடத்தில் மெதுவாகவும் ஏற்றட்டும். பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் இந்த மருந்தால் பலன். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. மூன்றாமவர் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு (அது நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை இறுகாது) வெளிச்சம் பிடித்துப் பிரசவப் பாதையில் கிழிசல் தேடட்டும். கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் ரத்தம் கொட்டினால் காரணம் பெரும்பாலும் கிழிசல்தான். விரிப்பால் அளந்து, இப்படி எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யும் முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள்: கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் நேரும் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது.

ஆக்சிடோசின் இல்லையென்றால் மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம் நாக்குக்கடியில். குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம், பயப்பட வேண்டாம்.

30 நிமிடம் கழித்தும் நிற்கவில்லையா? டிரானெக்சாமிக் அமிலம் இன்னொரு 1 கிராம். பயிற்சி பெற்றவர் ஒரு கையைப் பிறப்புறுப்புக்குள்ளே முஷ்டியாக வைத்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையை நசுக்கிப் பிடிக்கலாம். வண்டியில் போகும்போதும் அந்தப் பிடியை விடக்கூடாது. வண்டிக்குச் சொல்வது சிகிச்சை தொடங்கும்போதே நடக்க வேண்டிய வேலை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இதுவரை எத்தனை மில்லி போயிருக்கிறது என்று எழுதிய தாளும் தாயோடு கூடவே போகட்டும்.