தஹ்ஃபிஸ் விடுதியில் தீ: நாம் இன்னும் செய்துகொண்டிருக்கும் தவறுகள்

2017 செப்டம்பர் 14, சுபுஹு தொழுகைக்கு முன்னால் இன்னும் இருட்டு விலகாத நேரம். கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் இருந்த தஹ்ஃபிஸ் எனப்படும் குர்ஆன் மனனப் பள்ளி ஒன்றின் மேல்மாடியில் தீப்பிடித்தது. 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் வெளியே வரவே இல்லை. கட்டட வரைபடத்தில் அந்த மாடியிலிருந்து இரண்டு படிக்கட்டுகளுக்கும் வழி இருந்திருக்கிறது. பிறகு யாரோ நடுவில் ஒரு சுவர் எழுப்ப, பிள்ளைகள் தூங்கும் பக்கத்துக்கு ஒரே வாசல்தான் மிச்சம். அந்த வாசலில்தான் தீ. ஜன்னல்களிலோ இரும்புக் கம்பி.

அதனால் கம்பியைத்தான் முதலில் சொல்வேன். திருடன் வருவான், பையன்கள் இரவில் ஓடிவிடுவார்கள் என்று கம்பி போட்டு, பூட்டி, சாவியை உஸ்தாத் (ஆசிரியர்) அறையில் வைக்கிறோம். புகை சூழ்ந்துவிட்டால் அந்தச் சாவியைத் தேடி எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. கம்பி வேண்டும் என்றால் சாவியே இல்லாமல் உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஒன்றையாவது மாற்றுங்கள், அதைச் சின்னப் பையனும் திறக்கிறானா என்று பாருங்கள்.

அடுத்தது ஒத்திகை. காலை பத்து மணிக்கு மைதானத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், விளக்கை அணைத்து, பழக்கமான வாசல் அடைபட்டதாக வைத்துச் செய்து பாருங்கள். புகை மேலே ஏறும், தரையோடு ஒட்டித் தவழ வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்குப் பழகினால்தான் வரும். பயந்த குழந்தை கட்டிலுக்கு அடியிலோ கழிவறையிலோ ஒளியும், அதனால் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பெரிய மாணவன் பொறுப்பு. வெளியே வந்ததும் ஒரே இடத்தில் கூடி பெயர் சொல்லிக் கணக்கெடுக்க வேண்டும்.

தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும் போன், மெத்தையை ஒட்டிய கொசுவர்த்தி, எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவது, இவை தெரிந்த தவறுகள்தான், தெரிந்தும் நடக்கிறது.

அப்புறம், முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஒரு பிள்ளை தயங்கலாம், திரும்பிக்கூட ஓடலாம். உயிர்தான் முதலில், எதையும் எடுக்கத் திரும்பாதே என்று உஸ்தாத் தன் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் மனது கேட்காது.

மாணவர்களின் போனை வாங்கி வைக்கும் விடுதி என்றால், அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க இரவில் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு போன் இருக்கிறதா என்று அடுத்த முறை பிள்ளையைப் பார்க்கப் போகும்போது கேளுங்கள்.