பூனை தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால்

எங்கள் வீட்டுப் பூனை ஒருநாள் தட்டின் அருகே வந்தது. மீனை முகர்ந்தது, உதட்டை நக்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிப்படியின் கீழே போய்க் கால்களை மடக்கிக் கூனி உட்கார்ந்துவிட்டது. பிகு செய்கிறது, பசித்தால் தானாக வரும் என்று இருந்துவிட்டோம். நான்காம் நாள் காலையில் அதன் ஈறும் காதின் உட்புறமும் மஞ்சள் பூத்திருந்தன.

பூனை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். பட்டினி கிடக்கும் பூனையின் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குவிகிறது. அந்தச் சுமையை ஈரலால் தாங்க முடிவதில்லை. கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். எங்கள் பூனைக்குக் குழாய் வழியே மூன்று வாரம் உணவு செலுத்த வேண்டியிருந்தது, பிழைத்தது. ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள். குட்டியென்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சாப்பிடாத விதத்தையும் கவனியுங்கள். முகர்ந்துவிட்டு உதட்டை நக்கினால் பெரும்பாலும் குமட்டல். பசியோடு ஓடிவந்து, ஒரு பக்கமாக மென்று, வாயிலிருப்பதைக் கீழே போட்டால் பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும். சளியால் மூக்கு அடைத்த பூனைக்கு மணம் தெரியாது. மணம் தெரியாததை அது தொடாது. உணவை இளஞ்சூடாக்கி வைத்துப் பாருங்கள். வயதான பூனை வழக்கத்தைவிட அதிகம் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் அதுவும் நோய்தான். தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம்.

அடுத்தது பால்சோறு. பூனை புலால் உண்ணவே பிறந்த விலங்கு. அதன் இதயத்துக்கும் விழித்திரைக்கும் டாரின் என்ற சத்து வேண்டும். அதன் உடல் அதைப் போதிய அளவு தயாரிப்பதில்லை; இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகும் என்று 1987-இல் தெரியவந்த பிறகு கடைத் தீவனங்களில் அதன் அளவைக் கூட்டினார்கள். தயிர்சாதத்தில் வளரும் பூனைக்கு இது கிடைக்க வழியில்லை. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் தவறு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மத்தியைப் பச்சையாகவே தினமும் போட்டால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கப்படும். வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று நம் பாராசிட்டமாலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலியின் உடம்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது, உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான். பூனைக்கோ தாகம் குறைவு. ஆகவே ஈரமான உணவும் கொடுங்கள், தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் பாதை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் அந்த இரவே கொண்டு போங்கள்.