‘ரன்’ எங்கே ஓடுகிறது, எங்கே ஓடுவதில்லை

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று தொடக்க வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது தவறன்று, ஆனால் போதாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் ‘செட்’. பின்னர் நடந்த திருத்தப் பணியில் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதங்களுக்கு மேல் உழைத்து, ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழில் ‘ஓடு’ என்ற வினையே பல வேலைகளைச் செய்வதால், அவற்றில் கணிசமான பொருள்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை. எந்த இடம்வரை தமிழை நம்பிச் செல்லலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாக்கியத்தைப் பார்த்ததும், ‘ரன்’ என்பதற்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். இல்லையென்றால், துணிந்து ‘ஓடு’ என்று வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ பொருந்தும். சிறு வேறுபாடுகளும் உண்டு. ஊரிலிருந்து ஊருக்கு நீளும் சாலை தமிழில் ‘செல்கிறது’, ஆங்கிலத்தில் ‘ரன்’ செய்கிறது. துவைத்த துணியில் நமக்குச் சாயம் போகிறது, அவர்களுக்கு அது ஓடுகிறது.

செயப்படுபொருள் இருந்தால் ‘ஓட்டு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். ‘ஷி ரன்ஸ் எ கார்’ என்றால், அவர் சொந்தமாகக் கார் வைத்துச் செலவு செய்து பராமரிக்கிறார் என்று பொருள். ஓட்டுகிறார் என்பதற்கு ‘டிரைவ்’ வேண்டும். கடை, பள்ளி, நிறுவனம், முகாம் ஆகியவற்றோடு ‘ரன்’ வந்தால் ‘நடத்து’ என்பதே சரி. ‘குடும்பத்தை ஓட்டுகிறேன்’ என்று நாம் சொல்லும்போது அதில் ஒரு பெருமூச்சு கலந்திருக்கிறது. கையில் இருப்பதை வைத்து எப்படியோ சமாளிக்கிறேன் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் வீட்டையோ அலுவலகத்தையோ ‘ரன்’ செய்வதாகச் சொன்னால் அந்தப் பெருமூச்சு கேட்காது; பொறுப்பும் அதிகாரமும் அவரிடம் இருக்கின்றன என்பதே அங்கு தெரிவது. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த நுட்பத்தை அடிக்கடி தவறவிடுகிறார்கள். ‘ரன்னிங் எ ஃபீவர்’ என்பதில் நடத்துவதும் இல்லை, ஓட்டுவதும் இல்லை. காய்ச்சல் அடிக்கிறது, அவ்வளவுதான்.

‘ரன்’ என்பதையடுத்து ஒரு பண்புச்சொல் வந்தால், பெரும்பாலும் ‘ஆகு’ என்ற பொருளை நோக்கிச் செல்லுங்கள். ‘ரன் டிரை’ என்றால் கிணறு வற்றிப்போவது. ‘ரன் ஷார்ட்’ என்றால் பற்றாக்குறையாவது. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்பியவர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று எண்ண வேண்டாம். அவருக்குத் தாமதமாகிக்கொண்டிருக்கிறது, அவர் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாமலும் இருக்கலாம்.

அதிகம் இடறவைப்பவை, ‘ரன்’ என்பதற்குப் பின்னால் வரும் சிறு சொற்கள். நமக்குச் சர்க்கரை தீர்ந்துவிடுகிறது; அங்கே எழுவாய் சர்க்கரைதான். ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் உண்டு. சர்க்கரையை எழுவாயாக்கினால் ‘ரன் அவுட்’ போதும். ‘வி’ என்று நம்மை எழுவாயாக்கினால் ‘ரன் அவுட் ஆஃப்’ என்று ‘ஆஃப்’ சேர்த்தாக வேண்டும். அந்த ‘ஆஃப்’ இல்லாமல் ‘சுகர்’ என்று பின்னால் சேர்த்தால் வாக்கியம் பிழையாகிவிடும். கிரிக்கெட்டில் ஒருவர் ‘ரன் அவுட்’ ஆவது வேறு, அணிக்கு ஓவர்கள் தீர்ந்துபோவது வேறு. ‘ரன் இன்டு’ என்பதற்கு மோதுவது, எதிர்பாராமல் சந்திப்பது என இரு பொருள்கள். பழைய ஆசிரியரைக் கடைத்தெருவில் அப்படிச் சந்தித்ததாக எழுதியிருந்தால் அவருக்கு அடிபட்டதாக மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘ரன் ஓவர்’ என்பதும் அப்படித்தான்: வண்டி ஏறுவதையும் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வதையும் அதுவே சொல்லும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நாம் செய்யும் பிழைகளையும் சொல்ல வேண்டும். ‘ஓடும் பஸ்ஸில் ஏறாதே’ என்பதை ‘ரன்னிங் பஸ்’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டுச் செய்தித்தாள்களிலும் இருக்கிறது. பிற நாட்டவர் எழுதுவது ‘மூவிங் பஸ்’. மூக்கு ஒழுகுவதற்கு நாம் ‘ரன்னிங் நோஸ்’ என்கிறோம், அவர்கள் ‘ரன்னி நோஸ்’ என்கிறார்கள். ‘வயது 25 நடக்கிறது’ என்ற நினைப்பில் ‘25 ரன்னிங்’ என்று எழுதினால் வெளிநாட்டவருக்கு விளங்காது. முடிந்த வயதை, அதாவது 24 என்று, குறிப்பிடுங்கள். நாட்கணக்குக்குப் பின்னால் ‘ரன்னிங்’ வந்தால் மட்டும் பொருள் முற்றிலும் மாறுகிறது: ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பது தொடர்ந்தாற்போல் மூன்று நாட்கள்.

தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்வார். அதே வேலைக்கு பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’, இந்தியாவில் ‘கன்டெஸ்ட்’. எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கால வடிவங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. இறந்தகாலம் ‘ரேன்’, ஆனால் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’, ‘ஹாட்’ என்பவற்றுக்குப் பின்னால் மீண்டும் ‘ரன்’ தான். ‘ஹாவ் ரேன்’ என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சில் செய்யும் பிழை என்றாலும் எழுத்தில் ஏற்கமாட்டார்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது சுற்றியுள்ள சொற்களே துணை. ‘இன் த லாங் ரன்’ என்றால் நாளடைவில்; ‘டிரை ரன்’ என்றால் ஒத்திகை. ‘ரன்ஸ்’ என்ற பன்மைக்கு முன்னால் ‘த’ சேர்த்து ஒருவர் தமக்கு அது இருப்பதாகச் சொன்னால், ஸ்கோர் கேட்காதீர்கள்; அவருக்கு வயிற்றுப்போக்கு. வணிகப் பக்கத்தில் ஒரு வங்கியின் மேல் ‘ரன்’ என்று தலைப்பு வந்தால், போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் ஒரே நேரத்தில் அங்கே திரண்டிருக்கிறார்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.