ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் படிக்காதீர்கள்

ஆல்ஃபா-கால் ஒவ்வாமை, அதாவது மாடு, பன்றி, ஆடு போன்ற பாலூட்டிகளின் இறைச்சியில் உள்ள ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு ஏற்படும் ஒவ்வாமை, இருப்பதாக அண்மையில் அறிந்த ஒருவர், தனக்கு ஏற்றவை என்று வாங்கிவைத்த பொட்டலங்களை என்னிடம் காட்டினார். மூன்றை எடுத்து ஓரமாக வைத்தேன். முதல் ஆண்டில் நான் ஏமாந்த இடங்களிலேயே அவரும் ஏமாந்திருந்தார். மாடு, பன்றி, ஆடு என்று வெளிப்படையாக எழுதியிருப்பதை யாரும் தவறவிடுவதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

தடித்த எழுத்தில் இல்லாதது உள்ளேயும் இல்லை என்று நம்புவது

பொருள் பட்டியலின் கீழே, ஒவ்வாமை தருபவை என்று சில பெயர்கள் தனிக் கட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைக் கூடையில் போடுபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் 9 ஒவ்வாமைப் பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 14 பொருள்களையும் தெளிவாகக் குறிக்கச் சொல்கின்றன. இரண்டிலும் பால் உண்டு. பாலூட்டிகளின் இறைச்சி, கொழுப்பு, தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகியவை இரண்டிலும் இல்லை. அந்தக் கட்டம் நம்மை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே அல்ல.

நான் வாங்கியது கோழி சாசேஜ். கட்டத்தில் சோயா மட்டும் இருந்தது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். ஒரு மணிக்கு உடம்பெங்கும் தடிப்பும் வயிற்று வலியுமாக விழித்தேன். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட 2 முதல் 6 மணி நேரம் கழித்தே வெளிப்படும். அது தெரிந்திருந்தும், படுக்குமுன் தின்ற பழத்தின் மேல் பழியைப் போட்டேன். அதே சாசேஜை மறுபடியும் சாப்பிட்டு, மறுபடியும் அவதிப்பட்ட பிறகுதான் பட்டியலைக் கடைசிச் சொல் வரை படித்தேன். உறை பன்றிக்குடல். கோழி என்ற சொல் உள்ளே இருந்த இறைச்சியை மட்டுமே குறித்தது. சாசேஜ் உறை மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து முதல் சொல் முதல் கடைசிச் சொல் வரை படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

மூலம் சொல்லாத பெயர்கள்

வெறுமனே ஜெலட்டின் என்றிருந்தால் பன்றி அல்லது மாடு என்றே கொள்ளுங்கள். மீன் ஜெலட்டின் என்றால் பெரும்பாலும் அப்படியே எழுதுவார்கள். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், இ471 என்று வரும் கொழுப்புப் பொருள்கள் ஆகியவை தாவரத்திலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும். 'இயற்கைச் சுவையூட்டி' என்பதும் அப்படித்தான். தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். ஆனால் "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். "மாடு, பன்றி, ஆடு போன்ற பாலூட்டிகளிலிருந்து எடுத்த ஏதேனும் ஒரு பொருள் உறையிலோ சுவையூட்டியிலோ சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள்.

தாவர உணவு முத்திரை

விலங்குப் பொருள் எதுவும் சேரவில்லை என்று சொல்லும் இந்த முத்திரை பெரிய உதவிதான். ஆனால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனிலும் ஆல்ஃபா-கால் சர்க்கரை உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. சைவ முத்திரையோ பாலைத் தடுக்காது. நம்மில் பலருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு இல்லை. உங்களுக்கு எப்படி என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சென்ற முறை வாங்கியதுதானே?

மறுபடியும் படியுங்கள்.