போலீஸ் அழைத்துப்போன பிள்ளைக்கு வக்கீல் அமர்த்துவது எப்படி?

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடாது. உடனே யாரோ ஒரு வக்கீல் நம்பரைக் கொடுப்பார், நகையை அடகு வைக்கும் பேச்சு தொடங்கிவிடும். அதற்கு முன் இதைப் படியுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கட்டணமில்லாமல் வக்கீல் கிடைப்பது சட்டப்படியான உரிமை. 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் குழந்தைகளுக்கு வருமான வரம்பே கிடையாது. தமிழ்நாட்டில் செய்ய வேண்டியது இதுதான்.

1. பிள்ளை எங்கே என்று கேளுங்கள்

ஸ்டேஷனில் குழந்தை நல காவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள். 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், 18 வயது நிரம்பாதவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பிள்ளையை நிறுத்தியாக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. எந்தக் குழுமம், என்ன வழக்கு, குற்ற எண் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. வயதுச் சான்று

என்னைக் கேட்டால், வக்கீலைத் தேடும்போதே ஒருவர் இந்த வேலையில் இறங்கிவிட வேண்டும். வயது 18-ஐத் தாண்டியதாகப் பதிவாகிவிட்டால் வழக்கே வேறு கோர்ட்டுக்குப் போய்விடும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு முதலில் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. டி.சி.யை மட்டும் நம்ப வேண்டாம். அது போதாது என்று 2023-ல் ஒரு போக்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கில் வருவது சம்பவம் நடந்த அன்றைய வயது.

3. இலவச வக்கீல்

15100-க்கு போன் செய்யுங்கள். அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மனு நாலு வரி இருந்தால் போதும்: “ஐயா, என் மகனுக்கு வயது 16. இன்ன ஸ்டேஷனில் இன்ன வழக்கு. இன்ன தேதியில் குழுமத்தில் ஆஜர்படுத்துகிறார்கள். இலவச வழக்கறிஞரை நியமித்துத் தர வேண்டுகிறேன்.” அதற்கும் நேரமில்லையென்றால் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டிடம் வாயாலேயே கேளுங்கள். சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமை.

4. சொந்தமாக வக்கீல் வைப்பதென்றால்

பெரிய கிரிமினல் வக்கீல் என்ற பெயர் மட்டும் இங்கே உதவாது. “குழுமத்தில் ஆஜராகியிருக்கிறீர்களா? ஜாமீன் எந்தப் பிரிவில் கேட்பீர்கள்?” என்று கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-வது பிரிவு என்று பதில் வர வேண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் பிள்ளையை விடுவதே அந்தப் பிரிவில் பொது விதி. கெட்ட சகவாசம், பிள்ளைக்கு ஆபத்து போன்ற காரணங்கள் இருந்தால்தான் மறுக்கலாம். “ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுருவாங்க” என்பவரை அமர்த்தவே வேண்டாம். 16 வயது நிரம்பிய பிள்ளை மீது கொடிய குற்றச்சாட்டு என்றால், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று 15-வது பிரிவில் முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். அதில் பழகிய வக்கீல் கட்டாயம் தேவை.

5. வக்கீல் கிடைத்த பிறகு

பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கு நடக்கும்போது பிள்ளைகளைத் தங்க வைக்கும் இடம்) இருந்தால் வக்கீல் அங்கே போய் நேரில் பார்த்துப் பேச வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்; படிப்பு, குடும்ப நிலை எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள், அவர் அறிக்கைக்குக் குழுமத்தில் மதிப்பு உண்டு. பிள்ளையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 74-வது பிரிவில் அது குற்றம். இலவச வக்கீல் வாய்தாவுக்கு வராமல் இழுத்தடித்தால், வேறொருவரை நியமிக்கச் சொல்லி ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.