திரையில் மயில் நீலம், அட்டையில் கத்தரிப்பூ: அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பும் முன்

நான் முதன்முதலில் வடிவமைத்த கல்யாண அழைப்பிதழில் ஒரு மயில் இருந்தது. கணினித் திரையில் அதன் கழுத்து மின்னியது. அச்சாகி வந்த அட்டைகளிலோ மயில் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. பெண்ணின் பெரியப்பா ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மயிலுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். அச்சகத்தின் மேல் தப்பே இல்லை. நான் அனுப்பிய கோப்பு அப்படி.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. இதுதான் ஆர்ஜிபி. ஆஃப்செட் அச்சு வெள்ளைத் தாளில் சியான் (வெளிர் நீலம்), மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு மைகளைப் போட்டு ஒளியைக் குறைக்கிறது. இது சிஎம்ஒய்கே. திரையின் பளீர் நீலம், கிளிப்பச்சை, சில ஆரஞ்சுகள் மைக்கு எட்டாதவை. சுத்தமான ஆர்ஜிபி நீலத்தை ஃபோட்டோஷாப் தன் வழக்கமான அமெரிக்க அச்சு ப்ரொஃபைலுக்கு (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் கோப்பு) மாற்றினால் ஏறக்குறைய சியான் 88 சதவீதம், மெஜந்தா 77 சதவீதம் என்று வரும். அவ்வளவு மெஜந்தா கலந்தால் ஊதா வராமல் என்ன செய்யும்?

ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேக்கு இந்த மாற்றம் எப்படியும் எங்கோ ஒரு இடத்தில் நடந்தே தீரும். அதை ஒரே ஒரு தடவை, நம் கண் முன்னால் நடத்திவிட வேண்டும். இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: அச்சகத்திடம் கேளுங்கள்

என்ன தாள்? எந்தக் கலர் ப்ரொஃபைல்? மொத்த மை எத்தனை சதவீதம் வரை தாங்கும்? மூன்று கேள்விதான். பூச்சு உள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் உறிஞ்சிக்கொள்ளும், மைப் புள்ளிகள் பரவி நிறம் மங்கும். ஆர்ட் பேப்பருக்கு உரிய ஃபோக்ரா 39 ப்ரொஃபைலில் நான்கு மைகளின் கூட்டுத்தொகை 330 சதவீதம் வரை போகலாம். செய்தித்தாளுக்கு 240 அளவில் நிறுத்திக்கொள்வார்கள். "சும்மா சிஎம்ஒய்கேல அனுப்புங்க சார்" என்று மட்டும் பதில் வந்தால், ஆர்ட் பேப்பர் வேலைக்கு நான் ஃபோக்ரா 39-ஐ வைத்து, மையை 300-க்குள் அடக்கிக்கொள்வேன். இந்த ப்ரொஃபைலை ஐரோப்பிய கலர் இனிஷியேட்டிவ் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது.

படி 2: படங்களை இப்போதே மாற்றாதீர்கள்

புகைப்படம் ஆர்ஜிபியாகவே இருக்கட்டும். அதனுள் இருக்கும் ப்ரொஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஐபோன் படங்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் வரும்; அந்த அடையாளம் போய்விட்டால் மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளின் நிறவெளி) என்று நினைத்து நிறத்தை மங்கடித்துவிடும். ப்ரொஃபைல் விஷயத்தில் 'அசைன்', 'கன்வர்ட்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. அசைன் எண்களைத் தொடாமல் பெயரை மாற்றும். கன்வர்ட் நிறத்தைக் காப்பாற்ற எண்களை மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மணப்பெண் முகம் செங்கல் நிறம்தான்.

படி 3: ஸ்க்ரைபஸைத் தயார் செய்யுங்கள்

ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் செட்டப், அதில் கலர் மேனேஜ்மென்ட். அதை முதலில் இயக்குங்கள். படங்கள், தட்டையான நிறங்கள் என்று ஆர்ஜிபிக்கு உள்ள இரண்டு இடங்களுக்கும் எஸ்ஆர்ஜிபி. சிஎம்ஒய்கே இரண்டுக்கும் பிரின்டருக்கும் அச்சகம் சொன்ன ஒரே ப்ரொஃபைல். மைக்கு எட்டாத நிறங்களை எப்படி மாற்றுவது என்ற தேர்வில் படங்களுக்கு பெர்செப்சுவல், தட்டையான நிறங்களுக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கூடவே கருமையைச் சரிக்கட்டும் பிளாக்பாயின்ட் காம்பென்சேஷன். அப்புறம் 'சிமுலேட் பிரின்டர்' பெட்டியை டிக் செய்யுங்கள். பக்கம் சட்டென்று சோகையாகத் தெரியும். பதறாதீர்கள், அச்சில் வரப்போவது ஏறக்குறைய அதுதான்.

படி 4: நிறங்களை எண்ணால் கட்டுங்கள்

பட்டை, கோலம், எழுத்து ஆகியவற்றின் நிறங்களைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் சிஎம்ஒய்கே எண்ணாகவே கொடுங்கள். மஞ்சள் நிறம் மையில் பிரமாதமாக வரும்: மெஜந்தா 15, மஞ்சள் 100. குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100. நீலத்தில் மட்டும் மெஜந்தா, சியானைவிடக் குறைந்தது 30 கீழே இருக்கட்டும். இப்போது என் மயில் சியான் 100, மெஜந்தா 50. திரையில் பார்த்த மினுமினுப்பு இருக்காது, ஆனால் நீலம் நீலமாக இருக்கும்.

படி 5: கறுப்பு

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வேர்டில் தட்டச்சு செய்த எழுத்து ஆர்ஜிபி கறுப்பு. அதை மாற்றினால் கறுப்பு மை மட்டும் வராது. மேலே சொன்ன அமெரிக்க ப்ரொஃபைலில் 75, 68, 67, 90 என்று நான்கு மையும் சேர்ந்து வரும், கூட்டினால் 300. ஒவ்வொரு மைக்கும் ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளும் மயிரிழை விலகாமல் பொருந்தினால்தான் எழுத்து எழுத்தாக இருக்கும். இந்தப் பொருத்தம் (ரெஜிஸ்டர்) கொஞ்சம் நகர்ந்தால் 8 பாயின்டில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்ப்புள்ளியைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். எனவே எழுத்தை ஸ்க்ரைபஸில் வெறும் உரையாக ஒட்டி, பட்டியலில் உள்ள 'பிளாக்' நிறத்தைக் கொடுங்கள். அது கறுப்பு மை மட்டும். அதே பட்டியலில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்றும் ஒன்று கறுப்பாகவே தெரியும். அது நான்கு மையும் 100, தாளை வெட்டும் இடம் காட்டும் குறிகளுக்கானது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெரிய கறுப்புப் பின்னணிக்கு நேர் எதிர்: ஒற்றைக் கறுப்பு வெளிறித் தெரியும், கூடவே சியான் 40 போல ஒன்றைச் சேர்த்தால் அடர்த்தி வரும். இன்னொன்று: சிறிய கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரின்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது) நல்லது, வெள்ளை எழுத்துக்கு வைத்தால் அச்சில் எழுத்தே காணாமல் போகும்.

படி 6: பிடிஎஃப், அப்புறம் சோதனை

ஏற்றுமதியில் அச்சுக்கான பிடிஎஃப் வகையான எக்ஸ்-1ஏவைத் தேர்ந்தெடுங்கள். அதில் சிஎம்ஒய்கேயும் தனியாகக் கலந்து தரும் மைகளும் மட்டுமே இருக்க முடியும். மாற்றம் இங்கேயே முடிந்துவிடும். ஊடுருவித் தெரியும் நிழல் ஏதாவது வைத்திருந்தால் ஸ்க்ரைபஸ் எச்சரிக்கும், ஏனென்றால் எக்ஸ்-1ஏ அதை ஏற்காது. எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல் நிழலை எடுத்துவிடுங்கள்.

பிறகு முன்னோட்டத்தில் மைகளைப் பிரித்துப் பாருங்கள் (இதற்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருள் நிறுவியிருக்க வேண்டும்). கறுப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து முழுக்க மறைந்தால் சரி. பேய் போல ஒரு சாயல் மிச்சமிருந்தால் நான்கு மை எழுத்து எங்கோ ஒளிந்திருக்கிறது; படி 5-க்குத் திரும்புங்கள். மொத்த மை அளவைத் தாண்டும் இடங்களையும் அங்கேயே காட்டச் சொல்லலாம்.

முடிந்தால் அச்சகத்தில் ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். வீட்டுக் குண்டு பல்பின் கீழ் எல்லாமே மஞ்சள்தான். "ஃபைலை நாங்களே மாத்திக்கிறோம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்: சிஎம்ஒய்கேயிலிருந்து இன்னொரு சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது உங்கள் ஒற்றைக் கறுப்பு மறுபடி நான்காகிவிடக்கூடும்.

வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப இந்த அச்சு பிடிஎஃப்பை எடுக்காதீர்கள். ஸ்க்ரைபஸ் மூலக் கோப்பிலிருந்து 'ஸ்கிரீன்/வெப்' என்று தனியாக ஒன்றை ஏற்றுமதி செய்யுங்கள். மயில் நீலத்தை மட்டும் அந்தப் பிரதியில் பழைய ஆர்ஜிபிக்கே மாற்றிவிடுவேன். அங்கே மின்னினால் யாருக்கும் நஷ்டமில்லை.